நைவேத்தியம்: மடை, திருவமுது, படையல்

கொழும்பில் ஒட்டப்படும் திருவிழா அறிவித்தல்கள் சிலவற்றில் ‘நெய்வேத்தியம்’ என்று அச்சாகி வருகிறது. நெய் விட்டுச் சமைப்பதால் வந்த பெயர் என்று அதற்கு விளக்கம் சொல்வோரும் உண்டு. இந்தச் சொல்லுக்கும் நெய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நைவேத்தியம் என்பதே சரியான வடிவம்.

இது வடசொல். ‘வித்’ என்பது அறிதலைக் குறிக்கும் வேர். வேதம், வித்தை ஆகியன அதிலிருந்து கிளைத்தவை. ‘நி’ என்னும் முன்னொட்டுடன் நிவேதனம் ஆகும்போது அறிவித்தல், முன்வைத்து ஒப்புவித்தல் என்ற பொருள் வருகிறது. அவ்வாறு ஒப்புவிக்கத் தக்கது நைவேத்தியம். உணவு என்ற பொருள் வேரில் இல்லை. பூசை வழக்கில் சேர்ந்துகொண்டது. சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம் என்ற ஐந்தும் பஞ்சோபசாரம். வீட்டுப் பூசைக்கு இந்த ஐந்தும் போதும்.

பிரசாதம் வேறு சொல். தெளிவு, அருள் என்பவை அதன் பொருள்கள். இறைவனிடம் ஒப்புவித்த பின்னர் அருளாக நம் கைக்குத் திரும்பி வருவதுதான் பிரசாதம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருப்பதைக் காட்டி “பிரசாதம் சமைக்கிறோம்” என்று சொல்வது முறையில்லை. நம் பாட்டிமார் உப்பும் இனிப்பும் நாவில் வைத்துப் பார்க்காமல் கைக்கணக்கிலேயே பொங்கினார்கள். படைக்கும்வரை அது நமக்குரிய உணவு அல்ல என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்? ஒன்றுக்கு மூன்று இருக்கின்றன. மூத்தது மடை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழா தொடங்கும் இடத்தில், மூதிற் பெண்டிர் (பழங்குடிப் பெண்கள்) காவற்பூதத்தின் பீடிகையில் (பலிபீடத்தில்) “புழுக்கலும் நோலையும் விழுக்குடை மடையும் பூவும் புகையும் பொங்கலும் சொரிந்து” வழிபடுகிறார்கள். புழுக்கல் என்பது அவித்த பயறு வகை. நோலை எள்ளுருண்டை. விழுக்குடை மடை கொழுப்பும் ஊனும் கலந்த சோறு. ஊனை மட்டும் விலக்கிவிட்டுப் பாருங்கள்: அவித்த கடலை, எள்ளுருண்டை, பூ, சாம்பிராணிப் புகை, பொங்கல் என்று இன்றைய நவராத்திரித் தட்டு அப்படியே அங்கே இருக்கிறது. ஊன் படைக்கும் வழக்கத்தை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

மடை ஏட்டோடு நின்ற சொல் அன்று. வைரவருக்கு மடை, அம்மனுக்கு மடை, மடை பரவுதல் என்று ஈழத்து ஊர்க் கோயில்களில் இன்றும் வழங்குகிறது. வாழையிலையை விரித்து, புக்கையை (பொங்கலை) நடுவில் குவித்து, வடை, மோதகம், பழம், பாக்கு வெற்றிலையைச் சுற்றிலும் வைப்பதுதான் மடை பரவுதல். கோயில் சமையற்கூடத்துக்கு மடைப்பள்ளி என்ற பெயரும் இந்தச் சொல்லால் வந்ததே. சமையற்காரரைப் பழந்தமிழ் மடையன் என்றது. அறிவிலியைக் குறிக்கும் ‘மடையன்’ மடமையிலிருந்து வந்த வேறொரு சொல். இரண்டையும் ஒன்றாக்கி யாரும் கூசத் தேவையில்லை. ஊரை விட்டுக் கொழும்பில் குடியேறிய குடும்பங்களின் பேச்சில் மடை அருகி வருவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

அடுத்தது திருவமுது. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயில் நிவேதனத்தை இந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பெயர். பாக்குகூட அடைக்காயமுதுதான். பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் சிவனுக்கு நாள்தோறும் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் திருவமுதாகக் கொண்டுபோனார். செல்வம் போய்க் கூலிக்கு நெல் அறுத்த காலத்திலும் செந்நெல்லைக் கோயிலுக்கு வைத்துவிட்டுக் கார்நெல்லைத் தாம் உண்டார். ஒருநாள் பசியால் தளர்ந்து வயலில் இடறி விழ, கொண்டுபோன அமுது நிலவெடிப்பில் சிந்திவிட்டது. படைக்க முடியாத துயரில் அரிவாளைத் தம் கழுத்தில் வைத்தபோது வெடிப்புக்குள்ளிருந்து இறைவன் மாவடு கடிக்கும் ‘விடேல்’ என்ற ஓசை கேட்டது. இவ்வளவு பெரிய அடியாரின் திருவமுதில் இருந்தவை சோறும் கீரையும் ஒரு மாவடுவும்தாம். முந்திரிப்பருப்பின் விலையைப் பார்த்துப் பூசையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

படையல் எளிய சொல். படைத்தல் என்றால் ஆக்குதல், முன்வைத்தல், பரிமாறுதல். திவசத்தில் முன்னோருக்கு வைப்பதையும் படையல் என்பதால் தெய்வத்துக்கு அந்தச் சொல்லைச் சொல்லச் சிலர் தயங்குகிறார்கள். வழக்கில் இரண்டுக்கும் உரியதுதான். தயக்கம் இருப்பவருக்கு மடை இருக்கிறது.

என் கருத்து இது: கோயிலில் ஐயர் நிவேதிப்பதற்குத் திருவமுது, வீட்டிலும் ஊர்க் கோயிலிலும் இலை விரித்து வைப்பதற்கு மடை, சமைத்ததும் சமைக்காததும் சேர்ந்து வரும்போது படையல். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வேல் எழுந்தருளும்போது வீதியோரத்தில் நீட்டும் தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையுமே இருக்கும். அதை மடை என்பது பொருந்தாது; அர்ச்சனைத் தட்டு என்றே சொல்லலாம். பூசை முடிந்து உபயகாரருக்கு (பூசைச் செலவை ஏற்றவருக்கு) கிடைக்கும் தட்டுக்குக் காளாஞ்சி என்று நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

விழாவுக்கு விழா படைப்பது மாறும். பிள்ளையாருக்கு மோதகம்: வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த உள்ளுடனை வைத்து உருண்டையாகப் பிடித்து அவிப்பது. அதையே பிறை வடிவில் மடித்து ஓரத்தில் பல் வைத்தால் கொழுக்கட்டை. ஆடிப்பிறப்பன்று கூழோடு வருவது அது. வைரவருக்கு வடைமாலை. கேதார கௌரி விரதத்தில் எல்லாம் 21: நாள், நூலிழை, அதிரசம், வெற்றிலை, பாக்கு. பூவிலும் கட்டுப்பாடு உண்டு. சிவனுக்குத் தாழம்பூ ஆகாது, பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்பது பொது விதி.

தைப்பொங்கலுக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் முற்றமும் இல்லை, விறகு மூட்ட இடமும் இல்லை. குசினியில் எரிவாயு அடுப்பில் பொங்கியதைச் சூரியனுக்கு மடை பரவலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பரவலாம். ஒப்புவித்தலே நிவேதனம், அடுப்பு எந்த அடுப்பு என்பது அதில் வரவில்லை. கிழக்கு வெயில் விழும் பல்கனியோ யன்னலோரமோ போதும். அங்கே கோலமிட்டு, நிறைகுடமும் விளக்கும் வைத்து, இலையில் மூன்று அகப்பை புக்கை இட்டு, நீர் தெளித்துச் சுற்றி, ஒரு தேவாரம் பாடிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.