முக விகாரமா, உருவேறுபாடா?

பச்சிளங்குழந்தையின் காதுக்கு முன்னால் மிளகளவு சதைத் துணுக்கு. இதைப் போய் 'சிறு முக விகாரம்' என்று தமிழாக்குகிறார்கள். பெற்றவள் படிக்கிற சொல்லா அது?

மூலச்சொல் ஆங்கில மருத்துவத்தின் 'மைனர் அனாமலி'. கிரேக்கத்தில் 'ஹோமலோஸ்' என்றால் சமமானது. 'அன்' சேர்ந்தால் சமமில்லாதது. அழகு, அசிங்கம் எதுவும் அதில் இல்லை. உடல்நலத்தையோ தோற்றத்தையோ பெரிதாகப் பாதிக்காத மாறுதல் என்பதே மருத்துவப் பொருள்.

விகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இலக்கணத்தை இழுப்பார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம்தானே, வெறும் மாற்றம்தானே என்பார்கள். சரி, புணர்ச்சியில் அப்படித்தான். மரவேரில் மகரம் கெட்டதற்காக யாரும் அழுவதில்லை. 'முகம் விகாரமா இருக்கு' என்றால் தெருவில் பொருள் ஒன்றே ஒன்றுதான். வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. 'உருக்குலைவு' தூய தமிழ்தான், அது இன்னும் கொடுமை. விபத்துச் செய்தியில் வர வேண்டிய சொல்.

'குறைபாடு' காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் பொருளைக் கெடுத்துவிடும். இதயத்தில் ஓட்டை, அண்ணப்பிளவு போன்றவைதான் பிறவிக் குறைபாடுகள். மேலுதட்டுக்கு மேலுள்ள பள்ளம் வழவழப்பாக இருப்பது, கண்ணின் உள்மூலையில் தோல்மடிப்பு, சிறுத்த தாடை இவையெல்லாம் வேறு வகை. தனியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அந்தத் தோல்மடிப்பு கிழக்காசியாவில் சர்வசாதாரணம். பல சேர்ந்து வந்தால்தான் உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டேவிட் ஸ்மித் குழுவினர் 1964-ல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சிறு மாறுதல்கள் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்த குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்குப் பெரிய குறைபாடும் இருந்தது. 1987-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் அது ஏறத்தாழ 20 சதவீதம்தான். எண் எதுவானாலும், அடையாளம் ஒன்று, குறைபாடு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

ஆகவே 'சிறு உருவேறுபாடு' என்பேன். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

அப்புறம் 'தாழ்ந்த காதுகள்' என்றும் ஒன்று உலவுகிறது. தாழ்ந்த சாதி மாதிரி தாழ்ந்த காது! கண்ணின் வெளிமுனையிலிருந்து கிடையாகக் கோடு இழுத்தால் காது தலையோடு சேரும் மேல்முனை அதற்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். 'கீழிறங்கிய காது' என்று எழுத என்ன தடை?