உத்யம் சான்றிதழ் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாமா?

மசாலாப் பொடி, தொக்கு, சிறுதானிய மாவு என்று வீட்டிலிருந்தே தொழில் தொடங்குகிறவர்கள் ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் லேமினேட் செய்த உத்யம் சான்றிதழோடு வருகிறார்கள். "லைசென்ஸ் எடுத்துவிட்டோம் சார், ஜிஎஸ்டி மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

உத்யம் என்பது லைசென்ஸே அல்ல. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் இந்தப் பதிவு, உங்கள் தொழில் குறு, சிறு, நடுத்தரம் ஆகியவற்றில் எந்த வகை என்று நீங்களே ஆதாரை வைத்து அளிக்கும் அறிவிப்பு. யாரும் வந்து அடுப்பையோ அரவை இயந்திரத்தையோ பார்ப்பதில்லை. அதனால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்க அது ஒரு சான்று. பொருளை வாங்கிய நிறுவனம் 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், குறு, சிறு உற்பத்தியாளர் வட்டியோடு கேட்கவும் அது கைகொடுக்கும். ஆனால் உணவுப் பொருள் தயாரித்து விற்க அது அனுமதி தருவதில்லை.

அதற்குக் கட்டணமும் கிடையாது. அரசு இணையதளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் பக்கங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அதே இலவசச் சான்றிதழைத்தான் தருகின்றன. முகவரி gov.in என்று முடிகிறதா என்பதை மட்டுமாவது பாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பித் தருபவருக்குக் கூலி கொடுப்பது வேறு, 'அரசுக் கட்டணம்' என்று சொல்லி ஒருவர் வாங்குவது வேறு. இரண்டாவது வகைதான் மோசடி.

இனி ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. சேவைத் தொழிலுக்கு வரம்பு 20 லட்சம். "எதற்கும் இருக்கட்டும்" என்று எண் வாங்கி வைப்பவர்களைத்தான் நான் அதிகம் தடுக்க வேண்டியிருக்கிறது. எண் வந்துவிட்டால் ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) தாக்கல் செய்தே ஆக வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை ஏறும். பழையதை முடிக்காமல் அடுத்ததைத் தாக்கல் செய்யவும் முடியாது. தொடங்காத தொழிலுக்குத் தண்டம் கட்டியவர்கள் என் கோப்புகளில் நிறையவே இருக்கிறார்கள்.

ஆனால் இந்த 40 லட்சத்தை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடித்து, பெங்களூருக்கு கூரியரில் பருப்புப் பொடி அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. வரி விதிக்கப்படும் பொருளை அப்படி விற்பவருக்கு, சில கைவினைப் பொருட்கள் போன்ற விலக்குகள் தவிர, வரம்பு என்ற பேச்சே இல்லை. முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். ஆகவே எவ்வளவு விற்பீர்கள் என்பதற்கு முன்பு எங்கே விற்பீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

உணவுத் தொழிலுக்கு உண்மையான அனுமதி உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. சிறிய அளவில் செய்பவருக்குப் பதிவு, விற்றுமுதல் கூடினால் உரிமம். 14 இலக்க எண் கிடைத்ததும் அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். வீடு மாறினால் அந்தப் பதிவிலும் முகவரியை மாற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லோகோவுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்க வேண்டிய எண் ஆகியவற்றை விட்டுவிட்ட பாக்கெட்டுகளையும் பார்க்கிறேன். எடை போடும் எலக்ட்ரானிக் தராசைச் சரிபார்த்து ஆண்டுதோறும் அரசு முத்திரை போட வேண்டும் என்றால் வியப்போடு பார்க்கிறார்கள்.

மின் இணைப்பு இன்னொரு கண்ணி. இலவச யூனிட் வரும் வீட்டு இணைப்பில் அரவை இயந்திரத்தை ஓட்டி வியாபாரம் செய்தால், மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்கீழ், பொருந்தும் கட்டணத்தைப் போல இரு மடங்கு கணக்கிட முடியும். குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு முதலிலேயே மாற்றிக்கொள்வது மலிவு.

மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வரிசை இன்னும் முக்கியம். பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்), யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையில்லா இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டம்) போன்றவை முக்கியமாகப் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானவை. உத்யம் படிவத்தில் தொழில் தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் உண்டு. அனுபவசாலி போலத் தெரியட்டும் என்று சிலர் அதில் பழைய தேதியைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு, ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று சொல்லி விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதைக் காட்டிக் கொடுப்பது அவர்களே கொடுத்த சான்றிதழ்தான். இந்தக் கடன்களை நினைப்பவர்கள், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கும் உத்யம் பக்கத்தைத் திறப்பதற்கும் முன்பாக, அதன் விலைப்புள்ளியை (கொட்டேஷனை) எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.