வால்வு மூடும் நேரம்: 1970 ஷெவெல்லும் இன்றைய பெட்ரோலும்

மிச்சிகனில் வசிக்கும் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் 1995-லிருந்து ஆகஸ்ட் மாதந்தோறும் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கிறது. அதற்காகவே அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் 1970 மாடல் ஷெவர்லே ஷெவெல் ஒன்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். எஸ்.எஸ். 454, அதிலும் எல்.எஸ்.6 இன்ஜின். சிக்னலில் நின்றால் கார் முழுக்கக் குலுங்குகிறது, பிரேக் மிதி கல்லாட்டம் இறுகிவிடுகிறது என்று போன குளிர்காலத்தில் கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எடுத்துவிட்டுச் சாதுவான வேறொன்றைப் போட்டிருக்கிறார். குலுக்கம் நின்றது. ஆனால் இப்போது மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நாக்கிங். “இன்ஜினைச் சாதுவாக்கத்தானே கேமை மாற்றினார்? பிறகு நாக்கிங் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் மோசம் என்கிறார்கள், உண்மையா?” என்று கேட்கிறார் வாசகர்.

பெட்ரோலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பாதிப் பங்குதான்.

முதலில் இன்ஜினைப் பார்த்துவிடுவோம். எட்டு சிலிண்டர், 7.4 லிட்டர் (பெயரிலுள்ள 454 கன அங்குலம் இதுதான்), 450 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 11.25. அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போது மேலே உள்ள மொத்த இடம், பிஸ்டன் உச்சிக்குப் போனதும் 11.25-இல் ஒரு பங்காகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே கதைதான் இங்கும்: அழுத்த அழுத்தக் கலவை சூடாகிறது. அதிகம் அழுத்திப் பற்றவைத்தால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

அளவுக்கு மீறிச் சூடானால் சிக்கல். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து நிதானமாகப் பரவி வரும். வரும்போதே, இன்னும் எரியாத கடைசிக் கலவையை மூலையில் வைத்து மேலும் நெருக்கும். அந்தக் கடைசிக் கலவை, தீ தன்னிடம் வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் மொத்தமாகத் தானே பற்றிக்கொண்டால், அதுதான் நாக்கிங். தகர உண்டியலில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். கல்லூரி லேபில் கம்ப்ரஷனை மாற்றக்கூடிய இன்ஜின் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றி விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஓர் இடம்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் கால் சுற்று சுற்றினால் போதும், சத்தம் சட்டென்று வந்துவிடும். அந்தக் கால் சுற்று எனக்கு இன்னும் கையில் நினைவிருக்கிறது.

454-இன் சிலிண்டர் 108 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் இந்த அழுத்த அலை நொடிக்கு ஏறக்குறைய 5,000 முறை சுவருக்குச் சுவர் மோதும். சத்தத்தைவிட மோசமானது வேறொன்று உண்டு. உலோகச் சுவரை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய, ஒப்பீட்டளவில் குளிர்ந்த வாயுப் படலம் போர்வைபோல் இருக்கும். அலை அந்தப் போர்வையை உரித்துவிடும். பிறகு வெப்பம் நேராக பிஸ்டனுக்குள் இறங்கி, அதன் விளிம்பை அரிக்கத் தொடங்கும்.

இந்தப் பொறுமையைத்தான் பெட்ரோலின் ஆக்டேன் எண் அளக்கிறது. 1970-இல் அமெரிக்க பங்க்குகளில் கிடைத்த பிரீமியம் பெட்ரோல் ஈயம் கலந்தது, ஆர்.ஓ.என். (ஆக்டேனை அளக்கும் ஒரு சோதனை முறை) அளவில் சுமார் 100. இன்று அங்கே பங்க்கில் 93 என்று எழுதியிருப்பார்கள். அது இருவேறு சோதனைகளின் சராசரி, நம்மூர் ஆர்.ஓ.என். கணக்கில் 97, 98 வரும். ஆக, இரண்டு மூன்று புள்ளி குறைவு. பெட்ரோலைக் குற்றம் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவே.

ஈயம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கிடைத்த பொருளையெல்லாம் எரிபொருளில் கலந்து பார்த்தார். மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் நாக்கிங் நிற்குமோ என்று ஐயோடினைப் போட்டார். நின்றது! நிறத்தால் நின்றதல்ல, ஐயோடினின் வேதியியலால் நின்றது என்று பிறகுதான் தெரிந்தது. 1921 டிசம்பரில், டெட்ரா எத்தில் ஈயம் நாக்கிங்கை நிறுத்தும் என்று கண்டுபிடித்தார்கள். அதைத் தயாரித்த ஆலைகளில் 1924-இலேயே தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அப்படியும் அமெரிக்கச் சாலைகளிலிருந்து ஈய பெட்ரோல் முழுதாக விலக 1996 ஆனது. இடைப்பட்ட காலத்தில் பல பத்தாண்டுகளுக்கு ஈயத்தின் பாதிப்பை ஆராய்ந்த பணம் பெரும்பாலும் அதை விற்ற தொழிலிடமிருந்தே வந்தது. பொதுமக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுக்குப் பொதுப்பணம்தான் செலவாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்தக் கதை ஒன்றே போதும்.

சரி, ஷெவெல்லுக்கு வருவோம். கம்ப்ரஷனைக் குறைக்க நேர்வழி, பிஸ்டனை மாற்றுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடம் 930 சி.சி. விகிதம் 11.25 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் சுமார் 91 சி.சி. அதை 9.5-ஆகக் குறைக்க 109 சி.சி. வேண்டும். வித்தியாசம் 19 சி.சி.க்குள், நாலு டீஸ்பூன் தண்ணீர்கூட இல்லை! எல்.எஸ்.6 பிஸ்டனின் தலை மேடாக இருக்கும். மேடு குறைந்த பிஸ்டன் போட்டால் அந்த இடம் கிடைத்துவிடும். இழப்பு எவ்வளவு? பெட்ரோல் இன்ஜினின் திறனைக் கணக்கிடப் பாடப்புத்தகத்தில் வரும் ஆட்டோ (Otto) சுழற்சிச் சூத்திரப்படி நூற்றுக்கு நாலுதான். 450 குதிரைத்திறன் 430 ஆகும், அவ்வளவே. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஆக்டேன் குறைந்த, ஈயமில்லாத பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்று தன் இன்ஜின்களின் விகிதத்தைக் குறைத்தது. அந்த ஆண்டு ஷெவர்லேயின் கார்வெட் காரில் வந்த எல்.எஸ்.6-இன் விகிதம் 9. அதே சூத்திரத்தில் போட்டால் 424 வருகிறது, நிறுவனம் அறிவித்தது 425! சிலிண்டர் ஹெட்டும் (சிலிண்டரை மேலிருந்து மூடும் பகுதி) மாறியிருந்ததால் இதைப் பாதி தற்செயல் என்றே கொள்ள வேண்டும். இருந்தாலும் கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன்.

பிஸ்டனை மாற்ற இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டுமே, தடிமனான ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கூடாது. இந்த 19 சி.சி.க்கு 2 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தட்டையான பகுதிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். அந்த இடுக்கிலிருந்து பிதுங்கி வரும் கலவை சுழன்றடிப்பதால் தீ வேகமாகப் பரவுகிறது. இடுக்கில் மாட்டிக்கொண்ட கலவையை இருபுறமும் உலோகம் குளிர்விக்கிறது. இடைவெளியை மூன்று மடங்காக்கினால் இந்த இரண்டு நன்மையும் போய்விடும். கம்ப்ரஷன் குறைந்த பிறகும் நாக்கிங் நிற்காமல் போகலாம்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 11.25 என்ற எண் பிஸ்டன் அடியிலிருந்து உச்சி வரை போகும் முழுத் தூரத்தை வைத்துப் போட்டது. ஆனால் பிஸ்டன் அடியிலிருந்து கிளம்பும்போது கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வு இன்னும் திறந்தே இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது யாரை அழுத்துவது? வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. கலவை அனுபவிக்கும் கம்ப்ரஷன் எவ்வளவு என்பதை வால்வு மூடும் அந்தக் கணம்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கணத்தைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட்.

வேண்டுமென்றே ஏன் தாமதமாக மூடுகிறார்கள்? காற்றுக்கும் எடை உண்டு. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது உள்ளே பாயும் காற்று, பிஸ்டன் திரும்பி மேலே வரத் தொடங்கியதும் உடனே நின்றுவிடாது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் நாலடி ஓடித்தானே நிற்கிறார், அதுபோல அதுவும் வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே நுழையும். கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கூடுதல் காற்று இலவசம். ஆனால் 1,500 சுற்றில் அந்த வேகம் கிடையாது. மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

454-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மில்லிமீட்டர், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சுமார் 156. கிராங்க் அடிப்புள்ளியைத் தாண்டி 75 டிகிரி திரும்பியதும் வால்வு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பிஸ்டன் கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர் ஏறியிருக்கும். மீதித் தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் விகிதம் 8.3 தான். காகிதத்தில் 11.25, கலவைக்கு 8.3! இப்போது சாதுவான கேம் ஒன்றைப் போடுகிறோம். அது 60 டிகிரியிலேயே மூடிவிடுகிறது. பிஸ்டன் 19 மில்லிமீட்டர்தான் ஏறியிருக்கும். விகிதம் 9.3. சிலிண்டரில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கம்ப்ரஷன் ஒரு முழுப் புள்ளி ஏறிவிட்டது.

வாசகரின் பக்கத்து வீட்டில் நடந்தது இதுதான். பழைய கேம் நாள்தோறும் காரைக் குலுக்கிக்கொண்டே, தாழ்ந்த வேகத்தில் கலவையின் ஒரு பங்கைத் திருப்பியனுப்பி இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. அதை எடுத்ததும் 11.25 தன் முழுப் பலத்தோடு வெளியே வந்துவிட்டது. வெப்பநிலையில் பார்த்தால் வித்தியாசம் 20, 25 டிகிரி செல்சியஸ் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தானாகப் பற்றும் வேதிவினை வெப்பத்துக்கு மிகவும் கூருணர்வுள்ளது. அந்த இடத்தில் 20 டிகிரி பெரிய விஷயம். மேம்பாலம் ஏறும்போது வருவதற்கும் காரணம் உண்டு. அப்போது சிலிண்டர் நிறையக் கலவை, சுற்று வேகமோ குறைவு. 1,500-இல் ஒரு சுற்றுக்கு 40 மில்லி நொடி, 4,500-இல் 13. கடைசிக் கலவை மூன்று மடங்கு நேரம் பொறுக்க வேண்டியிருக்கிறது.

டொயோட்டா ப்ரியஸ் இதே உத்தியை எரிபொருள் சிக்கனத்துக்குப் பயன்படுத்துகிறது. காகிதத்தில் விகிதம் 13. வால்வை வெகு தாமதமாக மூடுவதால் சாதாரண பெட்ரோலிலேயே நாக்கிங் இல்லாமல் ஓடுகிறது. குழாய் பெருத்த ஷெவெல்லும் சத்தமே போடாத ப்ரியஸும் இந்த ஒரு விஷயத்தில் உறவுக்காரர்கள்.

அப்படியானால் பழைய கேமையே திரும்பப் போட வேண்டுமா? தேவையில்லை. காரைக் குலுக்கியது தாமதமாக மூடும் இன்டேக் வால்வு மட்டுமல்ல. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவேளையும் அதற்கு முக்கியக் காரணம். பிரேக்குக்கு வேண்டிய வேக்குவம் குறைவதும் அதனால்தான். வால்வுகளைத் தள்ளும் இரண்டு லோப்களுக்கும் (கேமின் மேடுகள்) இடையிலான கோணத்தை அகலமாக வைத்து வெட்டிய கேம், இன்டேக்கைத் தாமதமாக மூடிக்கொண்டே அந்த இடைவேளையைக் குறைக்கும். இருக்கிற கேமையே அதைச் சுழற்றும் டைமிங் கியரில் 4 டிகிரி பின்தள்ளிப் பொருத்தினாலும் 9.3 என்பது 9.1 ஆகும். சின்ன உதவி, ஆனால் செலவு குறைவு.

அதற்கும் முன்னால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்கச் சொல்வேன். உள்ளே இரண்டு எடைகள், அவற்றைப் பிடித்திழுக்கும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகள். வேகம் ஏற ஏற எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முன்தள்ளும். யாராவது மெல்லிய ஸ்பிரிங் போட்டிருந்தால் முழு அட்வான்ஸும் 2,000 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். கொஞ்சம் தடித்த ஸ்பிரிங் போட்டு அதை 3,000 பக்கம் தள்ளினால், நாக்கிங் வரும் இடத்தில் மட்டும் ஸ்பார்க் தாமதமாகும். ஸ்பார்க்கின் மொத்த டைமிங்கையும் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் எக்ஸாஸ்ட் சூடேறி இன்ஜின் கொதிக்கும்.

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், ஊற்றினால் பலம் கூட்டும் என்று விற்கும் குப்பி இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். காந்தத்தால் பெட்ரோல் மூலக்கூறு பொறுமை பழகாது. நம்மூரில் சாதாரண ஸ்கூட்டருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டு மைலேஜ் கூடியதாக நம்புபவர்களுக்கும் இதையே சொல்வேன். நாக்கிங் இல்லாத இன்ஜினுக்கு ஆக்டேன் கூடுவதால் தனியாக ஒரு பயனும் இல்லை.

ஒரு சோதனை இருக்கிறது, அரை மணி நேர வேலை. இன்ஜினைச் சூடாக்கி, எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். கார்புரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி ஸ்டார்ட்டரால் ஐந்தாறு முறை சுற்றவிட வேண்டும். இரும்பு ஹெட் உள்ள பழைய வி8-களில் 180 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) பக்கம் காட்டினால் 93 பெட்ரோலோடு சமாளிக்கலாம் என்பது அங்கே இன்ஜின் கட்டுபவர்களின் உத்தேசக் கணக்கு. அப்படியானால் ஸ்பிரிங்கும் கேமின் 4 டிகிரியும் போதும். 200-ஐத் தாண்டினால் அடுத்த குளிர்காலத்தில் இன்ஜினை இறக்கி அந்த 19 சி.சி.க்கு இடம் பண்ணிவிடுவது நல்லது. அதுவரை மேம்பாலம் வந்தால் ஒரு கியர் குறைத்து ஏறட்டும்.