ரோஜா நிறத்துக்குள் தங்கம்

"300 வருஷத்துச் சீனப் பூச்சாடியில் இளஞ்சிவப்பு அப்படியே இருக்கிறது. என் சட்டை ஒரே கோடையில் வெளுத்துவிட்டது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. சட்டையில் இருப்பது சாயம். சாடியில் இருப்பது தங்கம்!

பீங்கான் கதை தெரிந்ததுதான். கயோலின் களிமண்ணையும் ஒருவகைக் கல்பொடியையும் குழைத்து வனைந்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் வெகு சில; கோபால்ட் நீலம் தாங்கும். மற்ற நிறங்களை, சுட்டெடுத்த சாடியின் மேல் ஈயக் கண்ணாடிப் பொடியில் கலந்து தீட்டி, 700-800 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். அதுதான் எனாமல். 1720களில் அந்த வண்ணங்களோடு இளஞ்சிவப்பும் சேர்ந்தது. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் சூளைகளில் செழித்த இந்தப் பாணியைச் சீனர்கள் ஃபென்சாய் என்கிறார்கள்.

சரி, மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கிறது? எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் இது. எனாமலில் தங்கம் சில பத்து நானோமீட்டர் துகள்களாகக் கிடக்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படி ஆயிரம் துகள்களுக்கு மேல் அடுக்கலாம். நகைத் தங்கத்தில் எலக்ட்ரான்கள் ஓடித் திரிய இடம் தாராளம். துகளிலோ எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடும். இடுப்புக் குடத்தில் தண்ணீர் தளும்புமே, அதுபோல ஒளி அலை தள்ளத் தள்ள எலக்ட்ரான் கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்புகிறது. குடத்துக்கென்று ஒரு தாளம் உண்டு; நடை அதோடு பொருந்திவிட்டால் தண்ணீர் எகிறும். தங்கத் துகளின் தாளம் 530 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியோடு பொருந்துகிறது. பச்சையைத் துகள் விழுங்கிவிட, மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு ரோஜா நிறம். துகள் பெருத்தால் நிறம் ஊதாவுக்குச் சாயும்.

சாடியில் தீட்டிய பியோனிப் பூவின் ஓர் இதழைக் கிட்டே பாருங்கள். அடியில் ஆர்சனிக் கலந்த வெள்ளை எனாமல். அதன் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் போன்ற வெண்மை. அதன் மேல் இளஞ்சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்து, போகப் போக வெண்மையில் கரைகிறது. விரலால் தடவினால் இதழ் லேசாகப் புடைத்திருப்பது தெரியும்.

வெயில் சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கிறது, சட்டை வெளுக்கிறது. இங்கே உடைவதற்கு மூலக்கூறே இல்லை. துருப்பிடிக்காத தங்கம், அதுவும் கண்ணாடிக்குள் பத்திரமாக.

மிக நுண்ணிய தங்கத் துகள்களே இந்தச் சிவப்புக்குக் காரணம் என்று 1857இல் ஆராய்ந்து சொன்னவர் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான நிதியை வெட்டுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஃபாரடேயிடம் அன்று அப்படிக் கேட்டிருந்தால் அவர் என்ன காட்டியிருக்க முடியும்? இன்று கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் மெல்ல எழும் அந்த இளஞ்சிவப்புக் கோடு, இதே தங்கத் துகள்கள்தான்.