பெர்சிஸ்டென்ட் கனெக்ஷன் ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒர்க்கர் எத்தனைன்னு எண்ணுங்க

மாங்கா சீசன் வந்தா கிருஷ்ணகிரி பக்கமிருந்து எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான், "அண்ணா, சைட்ல டூ மெனி கனெக்ஷன்ஸ்னு வருது." அதாவது டேட்டாபேஸ் புதுசா கனெக்ஷன் எதையும் ஏத்துக்க மாட்டேங்குது. மண்டிக்காரங்க எல்லாம் காலைல ஒரே நேரத்துல பில் போடுவாங்க, சர்வர் பத்தலன்னு நெனச்சு பெரிய சர்வருக்கு காசு கட்டிடறாங்க, உள்ள போய் பார்த்தா சிபியு சும்மா கெடக்கும். டேட்டாபேஸ்ல இப்போ இருக்கற கனெக்ஷன்கள காட்டற ஷோ பிராசஸ்லிஸ்ட் போட்டா, கமாண்ட்ங்கிற கட்டத்துல வரிசையா ஸ்லீப் ஸ்லீப்னு, அதாவது வேலை இல்லாம சும்மா நிக்கும், பக்கத்துல டைம் ஆயிரக்கணக்கான செகண்ட்.

காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், வேகமா இருக்கும்னு யாரோ பிஎச்பில பெர்சிஸ்டென்ட் கனெக்ஷன ஆன் பண்ணியிருப்பாங்க. டேட்டாபேஸுக்குப் போற சாதாரண கனெக்ஷன் ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் மூடிக்கும், இது மூடாது, அடுத்த தடவைக்குன்னு தெறந்தே இருக்கும். ஆனா இது எல்லாரும் பங்கு போட்டுக்கிற பூல் கெடையாதுங்க, வெப் சர்வர்ல வேலை பாக்கற ஒர்க்கர் ஒவ்வொண்ணும், அதாவது ஒவ்வொரு அப்பாச்சி பிராசஸும், பிஎச்பிய ஓட்டற ஒவ்வொரு எஃப்பிஎம் சைல்டும் தனக்குன்னு ஒண்ணு பிடிச்சு வச்சுக்கும், தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, உக்காரலைன்னாலும் சீட் போச்சு. அப்பாச்சியோட பிரீஃபோர்க் மோட்ல டீஃபால்ட்டா 256 ஒர்க்கர் வரைக்கும் போகலாம், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஒரே நேரத்துல எத்தனை கனெக்ஷன்ங்கிற வரம்பு, மேக்ஸ் கனெக்ஷன்ஸ், டீஃபால்ட் 151. கணக்கு எங்க இடிக்குதுன்னு பாருங்க. சும்மா கெடக்கற கனெக்ஷன மைஎஸ்க்யூஎல்லே மூடறதுக்கான வெயிட் டைம்அவுட் வேற 28800 செகண்ட், அதாவது 8 மணி நேரம்.

இதவிட என்னைப் பயமுறுத்தறது லாக்தான். பில் நம்பர் ரெண்டு பேருக்கு ஒண்ணா வந்துடக் கூடாதுன்னு டேபிளையே பூட்டற லாக் டேபிள்ஸ் போட்டு எழுதியிருப்பாங்க, நடுவுல ஃபேட்டல் எரர் வந்து ஸ்கிரிப்ட் செத்துடும், அன்லாக் வரி ஓடவே ஓடாது. சாதாரண கனெக்ஷன்னா மூடும்போதே லாக்கும் விட்டுரும். பிஎச்பி டேட்டாபேஸோட பேசற வழிகள்ல ஒண்ணான பிடிஓல பெர்சிஸ்டென்ட் போட்டா கனெக்ஷன் உயிரோட இருக்கு, லாக்கும் இருக்கு, மத்தவங்க பில் எல்லாம் அப்படியே சுத்திக்கிட்டு நிக்கும், வண்டில லோடு ஏத்திட்டு டிரைவர் பில்லுக்காக காத்துக்கிட்டிருப்பாரு. டெம்பரரி டேபிள், செஷன் வேரியபிளும் இதே கதைதான். இன்னொரு வழியான மைஎஸ்க்யூஎல்ஐ பரவால்ல, பழைய கனெக்ஷன மறுபடி எடுக்கறப்போ சுத்தம் பண்ணிக்கும், ஆனா எடுக்கற வரைக்கும் லாக் லாக்குதான். பில் நம்பருக்கு டேபிளையே பூட்டாதீங்க, மைஎஸ்க்யூஎல்லோட இன்னோடிபி வகை டேபிள்ல டிரான்சாக்ஷன் போட்டு அந்த ஒரு ரோவ மட்டும் லாக் பண்ணா போதும்.

வெப்பும் டேட்டாபேஸும் ஒரே மெஷின்ல சாக்கெட் வழியா பேசுதுன்னா பெர்சிஸ்டென்ட் கனெக்ஷன்ல மிச்சமாகற நேரம் ரொம்ப கம்மி, நான் ஆஃப் பண்ணிடுவேன். டேட்டாபேஸ் வேற ஊர் டேட்டாசென்டர்ல, டிஎல்எஸ் என்கிரிப்ஷனோட இருந்தா நெஜமாவே பிரயோஜனம் உண்டு. அப்போ எல்லா சைட்டோட எஃப்பிஎம் மேக்ஸ் சில்ட்ரனையும் (அதிகபட்சம் எத்தனை சைல்டுங்கிற எண்) கூட்டி, பேக்கப்புக்கும், நேரத்துக்கு தானா ஓடற கிரான் வேலைக்கும் கொஞ்சம் விட்டு, மேக்ஸ் கனெக்ஷன்ஸுக்குள்ள அடங்குதான்னு பாருங்க. அத 1000, 2000ன்னு ஏத்தறது தீர்வு இல்ல, ஒவ்வொரு கனெக்ஷனும் மெமரி திங்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இந்த வரம்பு டீஃபால்ட் 100தான், கனெக்ஷனுக்கு ஒரு பிராசஸ் வேற, அங்க கனெக்ஷன்கள பூலா பங்கு போட்டுத் தர்ற பிஜிபவுன்சர் வைங்க.

இன்னொண்ணு, ஆப்புக்கு முழு அதிகாரம் இருக்கற ரூட் யூசர் கொடுக்காதீங்க. எல்லாம் நெறஞ்சாலும் அட்மின் உள்ள வர மைஎஸ்க்யூஎல் ஒரு கனெக்ஷன் தனியா ஒதுக்கி வச்சிருக்கும், ஆப்பே ரூட்ல ஓடுச்சுன்னா அதையும் அதுவே பிடிச்சுக்கும், அப்புறம் உள்ள போய் ஸ்லீப்ல கெடக்கறத கில் பண்ணக்கூட வழி இருக்காது.