சோள நாருக்குள் ஓடும் குழாய்

மெரினாவில் சோளக்கதிர் சுடுகிறவர்கள் மடலை உரித்ததும் முதலில் பிய்த்துப் போடுவது அந்தப் பழுப்பு நாரைத்தான். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாரும் கதிரில் ஏதோ ஒரு முத்தில் போய் முடியும். நார் நுனியில் மகரந்தத்தூள் ஒட்டி, அதிலிருந்து ஒரு குழாய் முளைத்து, நாருக்குள்ளேயே ஊடுருவி, அடியில் இருக்கும் சூலைத் தொட்டால்தான் அங்கே முத்து பிடிக்கும். இல்லாவிட்டால் கதிரில் அந்த இடம் பொக்கைதான்.

நாரின் நீளம் 20, 30 சென்டிமீட்டர்கூட இருக்கும். மகரந்தத்தூளின் அகலமோ 0.1 மில்லிமீட்டர். அதிலிருந்து கிளம்பும் குழாய் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வேகத்தில் வளர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளில் சூலை எட்டிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தக் குழாய் மொத்தமும் ஒரே ஒரு செல். முன்னேற முன்னேற, பின்னால் காலியாகும் பகுதியை அடைப்பு வைத்து மூடிவிட்டு, உயிருள்ள பகுதியை எப்போதும் நுனிப் பக்கமே வைத்துக்கொள்கிறது.

குழாயைத் தள்ளுவது தண்ணீர். செல்லுக்குள் பொட்டாசியம் அயனிகள் சேர, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது. அதனால் உண்டாகும் விறைப்பழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். சரி, அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதானே, குழாய் ஏன் பக்கவாட்டில் உப்பாமல் நுனியில் மட்டும் நீள்கிறது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

நுனியில் செல்சுவர் இளகியிருக்கிறது. அதை அப்படி வைத்திருப்பது சவ்வுப் போக்குவரத்து. செல்லுக்குள் கோல்கி உறுப்பு, செல்சுவரைக் கட்டும் பசைப்பொருளான பெக்டினைத் தயாரித்து, சவ்வாலான சின்னஞ்சிறு பைகளில் அடைத்து அனுப்புகிறது. செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வழியே அவை நுனிக்கு வந்து குவிகின்றன. ஒரு பை, சுவருக்கு உள்பக்கம் இருக்கும் செல்சவ்வைத் தொட்டு அதோடு ஒன்றாகும்போது, உள்ளிருக்கும் பெக்டின் சுவரில் போய்ச் சேர்கிறது, பையின் தோல் செல்சவ்வின் பகுதியாகிவிடுகிறது. இது கட்டாயத் தேவை. செல்சவ்வு இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் கிழிந்துவிடும், புதுச் சவ்வு வராமல் வளர்ச்சியே இல்லை. பைகள் தேவைக்கு அதிகமாகவும் சவ்வைக் கொண்டுவந்து சேர்ப்பதால், மிச்சத்தைச் செல் உடனுக்குடன் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

புதிதாக வந்த பெக்டின் இளக்கமானது. நுனி முன்னால் நகர்ந்ததும் அது பக்கச் சுவராகிறது. நொதிகள் அதைப் பக்குவப்படுத்த, கால்சியம் வந்து இழைகளைப் பிணைத்து இறுக்கிவிடுகிறது.

அதே கால்சியத்துக்கு உள்ளேயும் ஒரு வேலை உண்டு. செல்லுக்குள் சாதாரணமாகக் கால்சியம் அயனிகள் மிக மிகக் குறைவு. வளரும் நுனியில் மட்டும் அவை வெளியிலிருந்து கசிந்து உள்ளே வருகின்றன. பைகள் எங்கே சவ்வோடு சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தக் கசிவுக்கு முக்கியப் பங்கு. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேதிப்பொருளை லில்லிப் பூவின் மகரந்தக்குழாய்க்குள் செலுத்தினார்கள். நுனியில் கால்சியம் கலைந்ததும் வளர்ச்சி நின்றுபோனது. தண்ணீரின் அழுத்தம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அதே லில்லியில் வளர்ச்சி சீராக இல்லாமல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வேகமெடுப்பதும் தணிவதுமாகவே போகிறது.

இத்தனைக்கும் மின்சாரம் தருவது செல்சவ்வில் இருக்கும் புரோட்டான் பம்ப். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, வெளியே தள்ளுகிறது. உள்பக்கம் 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின்னேற்றம் அடைகிறது. நேர்மின்னேற்றமுள்ள பொட்டாசியம் அந்த ஈர்ப்பில் உள்ளே வந்துவிடுகிறது.

முளைகட்டிய பாசிப்பயறின் தண்டிலும் இதே பம்ப்தான். ஆனால் அங்கே செல்கள் நுனியில் மட்டும் வளராமல், நெடுகிலும் நீள்கின்றன. ஆக்சின் ஹார்மோன் பம்பை முடுக்கிவிட, செல்சுவர் அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலத்தில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் சுவரை நெகிழ்த்துகிறது. டேனியல் காஸ்குரோவின் ஆய்வுக்குழு 1992-இல் இதை இனங்கண்டது. அப்புறம் நடப்பது பழைய கதைதான்: தண்ணீர் தள்ள, பைகள் புதுச் சவ்வையும் சுவர்ப் பொருளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

சென்னையில் கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை ஊற்றி வளர்க்கிற மொட்டைமாடிக் கீரை குட்டையாகவே நின்றுவிடுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் வேருக்குத் தண்ணீரை இழுப்பதே பாடு. பொட்டாசியம் வரும் வழிகளில் சில சோடியத்தையும் உள்ளே விட்டுவிடுகின்றன. அந்தச் சோடியத்தை வெளியே தள்ளவோ, வாக்குவோல் என்ற பெரிய உள்பைக்குள் பூட்டி வைக்கவோ செல்லுக்கு வேண்டியது, செல்சவ்விலும் வாக்குவோலின் சவ்விலும் உள்ள பம்புகள் சேர்த்து வைத்த ஹைட்ரஜன் அயனிகள். வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஏடிபியில் ஒரு பங்கு அங்கே செலவாகிறது.