எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதுமா? குறைபார்வை உள்ளவரின் போனைச் சரிப்படுத்தும் முறை

கண் மங்கிய அம்மம்மாவின் கையில் போனைக் கொடுக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் முதலில் செய்வது எழுத்தளவைக் கடைசிவரை கூட்டிவிடுவதுதான். சிலருக்கு அது உதவும். சிலருக்கு அதனாலேயே வாசிக்க முடியாமல் போகும். பார்வை எதனால் குறைந்தது என்று தெரிந்த பிறகே போனில் கை வைக்க வேண்டும்.

சிகிச்சையும் கண்ணாடியும் கொடுத்த பின்னரும் நல்ல கண்ணின் பார்வை 6/18 ஐ விடக் குறைவாக இருந்தால் அது குறைபார்வை. மற்றவர்கள் 18 மீற்றரில் நின்று வாசிக்கும் எழுத்தை இவர் 6 மீற்றருக்குள் வந்துதான் வாசிப்பார். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவருக்குப் பார்க்க நினைக்கிற சொல்லே மறைந்துபோகும். அவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். கண் நரம்பைப் பழுதாக்கும் குளோகோமா நோய் உள்ளவருக்கு ஓரப்பார்வை சுருங்கியிருக்கும். எழுத்து மிகப் பெரிதானால் ஒரு நேரத்தில் மூன்று நான்கு எழுத்துத்தான் அவர் கண்ணில் அகப்படும். அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடியே களைத்துவிடுவார். அவருக்கு நடுத்தர அளவும், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் எழுத்துமே நல்லது. கண்புரை உள்ளவருக்கு வெள்ளைத் திரையின் ஒளி கண்ணுக்குள் சிதறிக் கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஆறுதல் தரும். ஆனால் கண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். போனை மாற்றிக்கொண்டே அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து மூக்குக்கண்ணாடி. பலர் தவறவிடும் இடம் இதுதான். 40 சென்ரிமீற்றரில் பிடித்திருந்த போனை 20 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் எழுத்து இரு மடங்காகத் தெரியும், எந்த செற்றிங்கையும் தொடாமலே. ஆனால் +2.50 வாசிப்புக் கண்ணாடி 40 சென்ரிமீற்றருக்கானது. 20 சென்ரிமீற்றரில் தெளிவாகத் தெரிய +5.00 வேண்டும். வயதானவரின் கண் அந்தக் குறையைத் தானாக ஈடுசெய்யாது. போனைக் கிட்டக் கொண்டுபோகப் போக இன்னும் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் போனில் பிழையில்லை. கண்ணாடியின் பவர் போதவில்லை. இரட்டை வில்லை போட்டவர் கீழ்ப்பகுதியால் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்பதை விட, பக்கத்தில் இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி எழுத்தளவு. தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடிகிற மிகச் சிறிய அளவைக் கண்டுபிடியுங்கள். சரளமாக வாசிக்க ஏறக்குறைய அதன் இரு மடங்கு வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழுக்கும் அதுவே போதும் என்று நினைக்கக் கூடாது. ‘கொ’, ‘கோ’ இரண்டையும் பிரிப்பது கொம்பின் ஒரு சிறிய சுழி. ‘ன’, ‘ன்’ இரண்டையும் பிரிப்பது ஒரு புள்ளி. சின்ன எழுத்தில் முதலில் காணாமல் போவது இவைதான். எழுத்தைத் தடிப்பாக்கும் வசதியையும் அளவைக் கூட்டிய பிறகே போடுங்கள். சிறிய அளவில் தடிப்பாக்கினால் ‘ண’வின் சுழிகள் அடைபட்டு ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும்.

ஆண்ட்ரொய்ட் போனில் செற்றிங்ஸுக்குள் ஆக்சஸிபிலிட்டியைத் திறந்தால் ஃபொன்ட் சைஸ், டிஸ்பிளே சைஸ் என்று இரண்டு இருக்கும். முதலாவது எழுத்தை மட்டும் மாற்றும். மற்றது பொத்தான்கள், படங்கள் எல்லாவற்றையும் பெருப்பிக்கும். ஆண்ட்ரொய்ட் 14 இல் எழுத்தை 200 வீதம் வரை கூட்டலாம். ஐபோனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அதற்குள் லார்ஜர் டெக்ஸ்ட். ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அழைப்புப் பலகை, வட்ஸ்அப், வங்கிச் செயலி மூன்றையும் திறந்து பாருங்கள். ஃபொன்ட் சைஸ், டிஸ்பிளே சைஸ் இரண்டையும் உச்சத்தில் வைத்தால் வங்கிச் செயலியின் கீழ்ப் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடலாம். வட்ஸ்அப்பில் படமாக வரும் பாடசாலை அறிவித்தல், மரண அறிவித்தல் எல்லாம் எழுத்தளவால் பெரிதாகா. அவற்றுக்கு விரல்களால் விரிப்பதோ, திரையையே பெருப்பித்துக் காட்டும் போனின் உருப்பெருக்கி வசதியோதான் வழி.

அந்த உருப்பெருக்கியை ஆண்ட்ரொய்டில் மூன்று தட்டலுக்கு வைக்காதீர்கள். அடுத்த தட்டல் வருமா என்று போன் காத்திருப்பதால் எல்லாமே மெதுவாகும்; தட்டச்சு செய்யும்போது திரை திடீரென்று பெருத்துக்கொள்ளும். பொத்தான் குறுக்குவழியே நல்லது. ஐபோனில் மூன்று விரலால் இரண்டு தரம் தட்ட வேண்டும். திரை பெருத்து நின்றதும் ‘போன் பழுது’ என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அதே செய்கையை மறுபடி செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டே எழும்புங்கள்.

கறுப்புப் பின்னணிக்கு, நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியை விட டார்க் மோட் நல்லது. தலைகீழாக்கினால் குளிசையின் படத்திலும் நிறம் மாறித் தெரியும். அது ஆபத்து.

திருகோணமலையில் வெயில் பெரிய எதிரி. உப்புவெளி, நிலாவெளி மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் நல்ல கண்ணுக்கே திரை தெரியாது. போன் சூடேறினால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழலுக்குக் கொண்டுபோய் ஆறவிட வேண்டும். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது திரை முழுவதும் இருண்டால் போனைப் பக்கவாட்டில் திருப்புங்கள், அல்லது கண்ணாடியைக் கழற்றுங்கள். பிறர் பார்க்காமல் மறைக்கும் பிரைவசி கிளாஸ் குறைபார்வை உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம். அது நேராகப் பார்க்கும்போதும் வெளிச்சத்தைக் குறைக்கிறது. கடற்காற்றில் படியும் உப்புப் படலத்தை மெல்லிய ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வீட்டுக்குள் யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். கதிரையைப் பக்கவாட்டில் போடுங்கள். ‘நேற்றுவரை தெரிந்தது, இன்றைக்கு இருட்டு’ என்றால் முதலில் பற்றரியை மிச்சம்பிடிக்கத் திரை வெளிச்சத்தைக் குறைக்கும் பற்றரி சேவர் இயங்குகிறதா என்று பாருங்கள்.

முகப்பில் பேரப்பிள்ளையின் படத்தை வைக்க ஆசைதான். ஆனால் அதன் மேல் செயலிகளின் பெயர் தெரியாது. முகப்பைக் கறுப்பாக விட்டு, படத்தைப் பூட்டுத்திரைக்கு மாற்றுங்கள். அழைப்பு, வட்ஸ்அப், கமெரா, ரோச் என ஏழெட்டுச் செயலிகளுக்கு மேல் அங்கே வேண்டாம். ஒருமுறை வைத்த இடத்தைப் பிறகு மாற்றாதீர்கள். குறைபார்வை உள்ளவர் பாதி இடத்தை நினைவில் வைத்தே தட்டுகிறார்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, சீனி ஏறி இறங்க பார்வையும் மாறும். மங்கலான நாட்களுக்கென்று, தட்டிய பகுதியைத் தமிழில் வாசித்துக்காட்டும் செலக்ட் டு ஸ்பீக்கை ஆண்ட்ரொய்டில் அமைத்துக் கொடுங்கள். கூகுளின் தமிழ்க் குரல் தரவு தரவிறக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, திரையில் தொடுவதையெல்லாம் வாசிக்கும் டோக்பேக்கைத் தவறுதலாகத் திறந்துவிட்டால் தட்டும் முறையே மாறிவிடும்: ஒரு தட்டல் தெரிவுக்கு, இரண்டு தட்டல் திறக்க. சத்தம் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் டோக்பேக் நின்றுவிடும்.

நேர்கோடு வளைந்து தெரிவது, திரைச்சீலை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைவது, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கூட்டமாய் மிதப்பது, ஒரு கண் சட்டென்று மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் போனை வைத்துவிட்டு அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். வழக்கமான கிளினிக்குக்குப் போகும்போது போனையும் வீட்டில் பாவிக்கும் எல்லாக் கண்ணாடிகளையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் பிடித்து வாசிக்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரத்துக்கே பவர் எழுதிக் கொடுக்கலாம்.